நாலாவது கொதி

ஐந்தரைக்கு லோஜினி குளிக்கப் போனாள்.
ராத்திரி ஷிப்டுக்கு கம்பெனி பஸ்
ஆறே காலுக்கு பிளாட்டின் கீழே வந்து
இரண்டு தரம் ஹாரன் அடிக்கும்.
மூன்றாவது தரம் அடிக்காது.
ரெலாவ் முழுக்க இது தெரியும்.

தொட்டி நிறையப் பால்போத்தல்கள். ஆறு.
பழையதில் எண்கள் தேய்ந்து
நூற்றிருபது வெறும் இருபதாகிவிட்டது.
காய்ந்த பால் கண்ணுக்குத் தெரியாது,
மூக்குக்குத்தான் தெரியும்:
மூடியின் மரைக்குள் ஒரு புளிப்பு,
விடியற்காலை மூன்று மணியின் புளிப்பு.
பிரஷ்ஷை விட்டுத் திருகினேன்.
சூப்பியை உள்வெளியாகத் திருப்பித் தேய்த்து
நுனித் துளையில் தண்ணீர் பீய்ச்சி
நூலாக வருகிறதா என்று பார்த்தேன்.

பம்பின் பாகங்கள் தனி.
புனல், குழாய், மூடி,
அப்புறம் அந்த மஞ்சள் வால்வு,
சுண்டுவிரல் நகத்தளவு,
வாத்தின் அலகு போல் ஒரு பிளவு.
அது இல்லையென்றால்
முந்நூறு வெள்ளி மெஷின் வெறும் இரைச்சல்.

நுரைக்குள் வழுக்கியது.
நான் பார்க்கப் பார்க்க
ஓட்டைக்குள் போனது.

குளியலறையில் இன்னும் தண்ணீர்ச் சத்தம்.
தொட்டிக்கு அடியில் மல்லாந்து
வளைகுழாயைக் கையாலேயே கழற்றினேன்.
வாளியில் கொட்டியது:
கருவேப்பிலை, கடுகு, ஒரு முழம் மீஹூன்,
அவள் முடி, என் முடி,
மஞ்சள் வால்வு,
அதோடு ஒரு தோட்டின் திருகு.
போன தீபாவளிக்குத் தொலைந்தது.
அதற்காக நாங்கள்
நாலு நாள் பேசாமல் இருந்தோம்.

இதழினி தொட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஏழு மாதம்.
சாட்சி சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

கிளினிக்கில் மிஸ்ஸி சொன்னது ஐந்து நிமிஷம்,
எல்லாம் மூழ்கும்படி.
போத்தல்கள் லேசில் மூழ்காது.
வயிற்றில் காற்றை வைத்துக்கொண்டு மிதக்கும்;
இடுக்கியால் அமுக்கி
ஒவ்வொன்றின் மூச்சையும் வெளியேற்ற வேண்டும்.
வால்வுக்கு மட்டும் தனிச் சட்டி.
முதல் கொதியில் தெரிந்த மஞ்சள்
சாம்பாரா, என் பயமா?
கொட்டினேன். மறுபடி. கொட்டினேன். மறுபடி.
ஜன்னல் புகைந்து
எதிர் பிளாட்டின் விளக்குகள் ஊதிப் பெருத்தன.

அவள் வேலை செய்கிற அறையில்
தூசுக்கு அனுமதி இல்லை.
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடை,
கண் மட்டும் வெளியே.
காற்றில் மிதப்பதை எண்ணிச் சொல்ல ஒரு மெஷின்.
அங்கே ஒரு முடி விழுந்தால்
ரோட்டில் மரம் சாய்ந்த மாதிரி என்பாள்.
அப்படிப்பட்டவள்
ஈரத்தலையோடு வந்து
வால்வை எடுத்து
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.
ஒரு கண்ணை மூடினாள்.

"கொதிக்க வச்சியா?"
"நாலு தடவ."

சொன்ன பிறகுதான் தெரிந்தது
ஒன்று என்று சொல்லியிருக்கலாம்.

கீழே ஹாரன்.
அவள் வால்வைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஈரமான என் சட்டை முதுகைப் பார்த்தாள்.
இரண்டாவது ஹாரன்.
பையைத் தூக்கிக்கொண்டு
படியிலேயே ஓடினாள், லிஃப்டுக்கு நிற்கவில்லை.

கால்சட்டைப் பையில் திருகு.
கொடுத்தால் எங்கே கிடைத்தது என்பாள்.
கொடுக்காவிட்டால்
தொலைத்தவன் நானாகவே இருப்பேன்.

நள்ளிரவு தாண்டி
மறுபடி அதே தொட்டி, அதே புளிப்பு.
திருகையும் ஒரு கொதி கொதிக்க வைத்தேன்,
ஏன் என்று தெரியவில்லை.
சட்டியின் அடியில் அது
பொடிப்பொடியாகக் குதித்தது.

மேடையில் போன் ஒளிர்ந்தது.
ஒரு படம்: பாலூட்டும் அறை மேசை,
போத்தலில் நூற்று நாற்பது,
மேலே மெல்லிய நுரை.
அதன் கீழே இரண்டே சொல்:

ஏன் நாலு?

பதில் தட்டப் பார்த்தேன்.
ஈர விரலைத் திரை ஏற்கவில்லை.
உள்ளே இதழினி
அழுவதற்கு முன்னால் போடும்
அந்தச் சின்னச் செருமலைப் போட்டாள்.